பல்லாண்டு மலர்ச் செடிகளைப் பெயர்த்து நடுதல்

ஒரு முறை நட்டால் பல ஆண்டுகள் பூக்கும் செடிகளைப் பல்லாண்டுச் செடிகள் என்கிறோம். செவ்வந்தி, கல்வாழை, நிலச்சம்பங்கி ஆகியவை இவ்வகையின. எனினும், இவற்றை ஒரே இடத்தில் நெடுங்காலம் விட்டுவைத்தால் தூர் பெருத்து, வேர்கள் நெருங்கி, நடுப்பகுதி நலிவுறும். பூக்கள் சிறுத்துக் குறையும். ஆகவே, தூரைப் பிரித்து மீண்டும் நடுதல் இன்றியமையாததாகும்.

செடியைப் பெயர்க்கும்போது நிகழ்வது யாது? மண்ணிலுள்ள நீரைப் பெரும்பாலும் உறிஞ்சுபவை வேர் நுனிகளை அடுத்துள்ள நுண்ணிய வேர்த்தூவிகளே. தோண்டும்போது இவற்றுள் பல அறுந்துபோகின்றன. இலைகளோ நீரை ஆவியாக வெளியிட்டவண்ணமே இருக்கின்றன. வரவு குறைந்தும் செலவு குறையாமையால் செடி வாடுகிறது. பெயர்த்து நடும் விதிகளுள் பெரும்பாலானவை இவ்வுண்மையிலிருந்து பிறந்தவையே.

முதல் நாள் பாத்திக்கு நன்கு நீர் பாய்ச்சுக. மறுநாள் மாலையிலோ, மப்பும் மந்தாரமுமான பொழுதிலோ, வேரைச் சுற்றியுள்ள மண்ணுடன் செடியை எடுக்க வேண்டும். தழையில் ஒரு பகுதியைக் கழித்துவிடுக. முன்பிருந்த ஆழத்திலேயே நட்டு, மண்ணை அணைத்து, உடனே நீர் விட்டுச் சில நாட்கள் நிழல் தருக.

காலம் செடிக்குச் செடி வேறுபடும். பூத்து ஓய்ந்த பருவமே பொதுவாக ஏற்றது. வட இந்தியச் சமவெளியில் செவ்வந்தி நவம்பர், டிசம்பர் மாதங்களில் பூக்கிறது. பூ முடிந்ததும் தண்டைத் தரைக்குச் சற்று மேலே வெட்டிவிட்டால், அடியிலிருந்து பக்கக் கன்றுகள் கிளைக்கும். இவற்றை ஜனவரி, பிப்ரவரியில் வேருடன் பிரித்து நடுவர். கல்வாழையின் கிழங்கை மழைக்காலத் தொடக்கத்தில், துண்டுக்கு ஓரிரு முளைகள் இருக்குமாறு வெட்டி நடலாம். நிலச்சம்பங்கியின் கிழங்குகளை இலை பழுத்த பின் எடுத்து, நிழலில் உலர்த்தி, பெரியவற்றைத் தேர்ந்து நட வேண்டும். சிறு கிழங்குகள் அவ்வாண்டில் பூவாமற் போகலாம்.

செவ்வந்தியில் காலம் தவறினால் ஓராண்டுப் பூவே குன்றிவிடும். பகலின் நீளம் பூத்தலைத் தூண்டவல்லது என்பதைக் கார்னர், அல்லார்டு என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1920-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். செவ்வந்தி இரவு நீளும்போது அரும்பு கட்டும் செடி. தாமதித்து நட்ட கன்று, வளர்ந்து கிளைக்குமுன்னரே அரும்பிவிடும். பூக்களும் சிலவாகவே இருக்கும். பூ விற்றுப் பிழைக்கும் சிறு குடியானவருக்கு இது பெரும் இழப்பன்றோ? களப் பணியாளர் இதனை உரிய காலத்திலேயே அவருக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் இதனைப் பள்ளித் தோட்டத்திலேயே விளக்கலாம். ஒரே அளவான இரு செவ்வந்திக் கன்றுகளில் ஒன்றை நண்பகலில் வேர் மண்ணை உதறியும், மற்றொன்றை மாலையில் மண்ணோடும் பெயர்த்து நடச் செய்க. எது முதலில் வாடுகிறது, எது விரைவில் நிமிர்கிறது என்பதை மாணவர் நாள்தோறும் குறித்துவரட்டும். காரணத்தை அவர்களே கூறிவிடுவர்.