பழைய அவுட்போர்டு மோட்டாருக்கு எந்த புரொப்பல்லர்?

வைகையில முழங்கால் தண்ணி வந்தாலே பாலத்துல நின்னு வேடிக்கை பாக்குற ஊர்க்காரன், படகு மோட்டாரைப் பத்தி என்ன பேசப் போறான்னு நீங்க நினைக்கலாம். நியாயம்தான். தை மாசத் திருவிழாவுக்கு நம்ம தெப்பமே வடம் பிடிச்சு இழுத்துத்தான் ஓடுது.

விஷயம் பாம்பன்ல இருந்து வந்தது. என்கூட இன்ஜினியரிங் படிச்ச நண்பனோட அப்பா, நான் மாமான்னுதான் கூப்பிடுவேன், நாட்டுப்படகு வச்சிருக்கார். ஃபைபர் படகு, பின்னாடி 15 ஹெச்பி டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு. மோட்டாருக்கு கிட்டத்தட்ட என் வயசு. போன ஆடி மாசம் கடல்ல வச்சே பிஸ்டன் பிடிச்சிருச்சு. கச்சான் காத்து படகை வடகிழக்கா தள்ளுது. அந்தப் பக்கம் 1974-ல போட்ட எல்லைக்கோடு இருக்கு. அதைத் தாண்டிட்டா என்ன ஆகும்னு ராமேஸ்வரம் பக்கம் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்ல. ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு படகு வந்து கயிறு போட்டு இழுத்துட்டு வந்தது.

மெக்கானிக் பிஸ்டனை மாத்திக் கொடுத்துட்டார். சர்வர் விழுந்தா ரீஸ்டார்ட் பண்ணிட்டு டிக்கெட்டை மூடுவோமே, அது மாதிரி. ஏன் பிடிச்சதுன்னு யாரும் கேக்கல. நண்பன் போன்ல சொல்லும்போது போற போக்குல ஒண்ணு சொன்னான்: "போன வருசம் பார்ல மோதி புரொப்பல்லர் ஒடஞ்சுச்சு மாப்ள. வேற ஒண்ணு பழசு வாங்கி மாட்டுனோம். பிட்ச் ஜாஸ்தி, ஸ்பீடு வரும்னாங்க."

எனக்கு அங்கதான் பொறி தட்டுச்சு.

புரொப்பல்லர்ல ரெண்டு எண் அடிச்சிருக்கும். ஒன்பதேகால், பதினொண்ணுன்னு இருந்தா முதல் எண் விட்டம், ரெண்டாவது பிட்ச், ரெண்டும் இன்ச்ல. பிட்ச்னா, கட்டையில ஸ்க்ரூ இறங்கற மாதிரி தண்ணிக்குள்ள நழுவாம போனா ஒரு சுத்துக்கு எவ்வளவு தூரம் முன்னேறும்ங்கறது. நிஜத்துல தண்ணி நழுவும். அந்த இழப்புக்குப் பேர் ஸ்லிப்.

பிட்சை பைக் கியரா நினைச்சுக்கோங்க. அழகர்கோவில்ல இருந்து பழமுதிர்சோலைக்கு டிரிபிள்ஸ் போறோம். நாலாவது கியர்லயே ஏறுவேன்னு ஆக்ஸிலேட்டரை முழுசா முறுக்கினா என்ன ஆகும்? வண்டி திணறும், இன்ஜின் கொதிக்கும். பெரிய பிட்ச் மாட்டுன மோட்டாரும் அப்படித்தான். த்ராட்டில் முழுசா திறந்திருக்கும், ஆர்பிஎம் ஏறாது. சூடு ஏறும், கரி படியும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கும். பிட்ச் ரொம்பக் கம்மியானாலும் ஆபத்துதான். மோட்டார் அளவுக்கு மீறி அலறும். புதுசுல அதைத் தடுக்க லிமிட்டர் இருக்கும், இந்த மாதிரி பழசுல அதெல்லாம் கிடையாது.

அதனால பாக்க வேண்டியது ஒரே எண்: முழு த்ராட்டில்ல ஆர்பிஎம் எவ்வளவு வருது? கம்பெனி ஒரு வரம்பு கொடுத்திருக்கும். மாமாவோட மோட்டாருக்கு 4500-ல இருந்து 5500. பிளக் வயர்ல சுத்துற டேக்கோமீட்டர் ஒண்ணு ஆன்லைன்ல வாங்கிட்டு, ஒரு சனிக்கிழமை மதுரையில இருந்து பஸ் ஏறிட்டேன்.

காலி படகை ஓட்டிக் காட்டினாங்க. 4500-ஐ ஒட்டி வந்துச்சு. எல்லாருக்கும் சந்தோஷம். அங்கதான் பல பேர் ஏமாறுவாங்க. வலை, ஐஸ் பெட்டி, மூணு ஆள்னு வழக்கமான பாரத்தை ஏத்திட்டு ஓட்டினோம். 4100. போன் ஜிபிஎஸ்ல 17 கிலோமீட்டர் வேகம்.

இனி கணக்கு. கியர் விகிதம் தெரியணும், ஆனா மேனுவல் எப்பவோ தொலைஞ்சு போச்சு. பரவாயில்ல. பிளக்கைக் கழட்டிட்டு, கியர்ல போட்டு, ஃப்ளைவீலைக் கையால சுத்தி எண்ணினோம். 27 சுத்துக்கு புரொப்பல்லர் 13 சுத்து. விகிதம் 2.08. அப்ப 4100 ஆர்பிஎம்ல புரொப்பல்லர் நிமிஷத்துக்கு 1971 சுத்து. 11 இன்ச் பிட்சுக்கு நழுவாம போனா 33 கிலோமீட்டர் வரணும். வந்தது 17. பாதி நழுவலாவே போயிருச்சு.

தோராய விதி ஒண்ணு இருக்கு: பிட்ச் ஒரு இன்ச் குறைஞ்சா ஆர்பிஎம் 150-ல இருந்து 200 ஏறும். எங்களுக்கு 600, 700 ஏறணும். அதனால 8 இன்ச் தேடினோம். கிடைச்ச பழசுல எண் தேஞ்சு போயிருந்தது. அதை மேசையில படுக்க வச்சு, நடுவுல இருந்து நுனி வரைக்குமான தூரத்துல பத்துல ஏழு பங்கு தள்ளி, பிளேடுல 60 டிகிரி இடைவெளியில ரெண்டு புள்ளி வச்சேன். ரெண்டுக்கும் உயர வித்தியாசம் 34 மில்லிமீட்டர். முழுச் சுத்துக்கு ஆறு மடங்கு, 204. அதாவது 8 இன்ச். மாமா அதுவரைக்கும் என்னை ஒரு விருந்தாளியாத்தான் பாத்துட்டு இருந்தார். அதுக்கப்புறம்தான் பக்கத்துல வந்து உக்காந்தார்.

ஸ்ப்ளைன் எண்ணிக்கை, சுத்துற திசை, மேல இருக்கற தகட்டுல இடிக்காம இருக்கா, இதெல்லாம் வாங்கும்போதே பாத்துடுங்க. இன்னும் பழைய மோட்டார்கள்ல ஷியர் பின் இருக்கும். பார்ல மோதினா அது ஒடஞ்சு கியரைக் காப்பாத்தும். அவசரத்துக்கு அங்க ஆணியைச் சொருகாதீங்க. ஆணி ஒடையாது, கியர்தான் ஒடையும். கை வைக்கறதுக்கு முன்னாடி பிளக் வயரைக் கழட்டிடணும்.

8 இன்ச் மாட்டி, அதே பாரத்தோட ஓட்டினோம். 4800 ஆர்பிஎம், 19 கிலோமீட்டர். பிட்ச் குறைஞ்சும் வேகம் கூடிடுச்சு. நண்பன் நம்பாம மறுபடி ஒரு தடவை ஓட்டிப் பாத்தான்.

இதுல புதுசா ஒண்ணும் இல்ல. வங்காள விரிகுடா திட்டம்னு எஃப்ஏஓ 1979-ல மெட்ராஸ்ல ஆரம்பிச்சது. அதுல வேலை பாத்த ஓய்விண்ட் குல்பிரான்ட்சென், சின்ன மீன்பிடிப் படகுகளோட எரிபொருள் செலவைக் குறைக்கறது எப்படின்னு 1986-லயே எழுதிட்டார். முக்கியமா ரெண்டு விஷயம்: கொஞ்சம் மெதுவாப் போங்க, மெதுவாச் சுத்தற பெரிய புரொப்பல்லர் போடுங்க. அவுட்போர்டுல அந்த மேல்தகடு இருக்கறதால விட்டத்தை இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது. நம்ம கையில இருக்கறது பிட்ச்தான். முதல் அறிவுரைக்குக் காசே வேணாம், கையை லேசா தளர்த்தினா போதும். மாமாகிட்ட சொன்னேன். "மீனு வர்ற நேரத்துல மெதுவாப் போறதா?"ன்னு சிரிச்சார். ஆனா திரும்பி வரும்போது செய்யறாராம்.

பெட்ரோலை அவர் லிட்டர்ல கணக்குப் பாக்கறதில்ல, கேன்லதான். முன்னாடி திரும்பி வரும்போது கேன் காலியா இருக்கும், இப்ப அடியில கொஞ்சம் ஆடுதுன்னு போன வாரம் போன்ல சொன்னார். அந்த 11 இன்ச் புரொப்பல்லரை யாருக்கும் வித்துடாதீங்கன்னேன். வீட்டு வாசல்ல கதவு சாத்தாம இருக்க முட்டுக் கொடுத்திருக்காராம்.