ஸ்டெல்லா, ஜோசபின்

தேக்கா முதல் கடற்கரை வரை – 19

சென்ற வாரம் ஃபேரர் பார்க் திடலில் நிறுத்தியிருந்தேன். 1942 பிப்ரவரி 17 அன்று, சிங்கப்பூர் விழுந்த இரண்டாம் நாள், சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் ஏறக்குறைய 45,000 பேரை அங்கே ஜப்பானியர் கூட்டியதையும், இந்திய தேசிய ராணுவத்தின் கதை அங்கே தொடங்கியதையும் பார்த்தோம். அந்தத் திடலில் நின்றவர்கள் எல்லாரும் ஆண்கள். பெண்கள் துப்பாக்கி ஏந்த இன்னும் ஒன்றரை ஆண்டு ஆனது.

இந்த வாரம் அந்தப் பெண்களில் இருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக மனத்தில் வைத்திருக்கிறேன். ஸ்டெல்லா, ஜோசபின். ஜான்சி ராணிப் படையைச் சேர்ந்தவர்கள். 1945-இல் பர்மாவை விட்டுத் திரும்பும் வழியில், அவர்கள் வந்த ரயிலைக் கெரில்லாக்கள் தாக்கியபோது குண்டுபட்டு இறந்தார்கள். இருவரும் கிறிஸ்தவப் பெயர் தாங்கியவர்கள், இளம் வயதினர்.

சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தது 1943 ஜூலை 2. ஒரு வாரத்துக்குள் பாடாங் திடலில் நின்று, பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்று கேட்டுவிட்டார். கூட்டத்தில் இருந்தவர்கள் முதலில் அதை மேடைப் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். மெய்யாக எடுத்துக்கொண்டவர் சென்னையிலிருந்து வந்து இங்கே மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். வீடு வீடாகப் போய் இருபது பெண்களைத் திரட்டி, கனமான 303 துப்பாக்கிகளை அவர்கள் கையில் கொடுத்துப் பழக்கி, சில நாளிலேயே போஸுக்கு அணிவகுப்பு மரியாதை கொடுக்க வைத்தார். புடவை கட்டிய பெண்கள் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி நின்ற காட்சியை இந்த ஊர் அதுவரை கண்டதில்லை.

1943 அக்டோபர் 22 அன்று வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் முகாம் திறந்தார்கள். இன்று கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும் யூதர்களின் தொழுகைக்கூடமும் வரிசையாக இருக்கிற அதே தெருதான். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் காய்கறி வாங்கிவிட்டுக் கால்மணி நேரம் நடந்தால் அங்கே போய்விடலாம். முகாமில் காலையில் கொடியேற்றம், உடற்பயிற்சி, அணிநடை. பிறகு ஆயுதப் பயிற்சி, வகுப்புகள். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாவின் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். பால் மரம் வெட்டிய கை. பலருக்கு எழுத்தறிவு கிடைத்ததே அந்த முகாமில்தான். அவர்களோடு நகரத்துப் படித்த குடும்பத்துப் பெண்களும் ஒரே கூரையின் கீழ்ப் படுத்தார்கள், ஒரே சமையலைச் சாப்பிட்டார்கள். சாதிக்கு ஓர் அடுப்பு, மதத்துக்கு ஓர் அடுப்பு என்பதை போஸ் ஒத்துக்கொள்ளவில்லை. டேங்க் ரோடு செட்டியார் கோயிலுக்கு அழைத்தபோதுகூட, எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் உடன் வரலாம் என்றால்தான் வருவேன் என்று சொல்லி, அப்படியே அழைத்துக்கொண்டு போனவர் அவர்.

கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் படை எளிதான விஷயமாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். தேக்காவைச் சுற்றி இருக்கிற ஆலயங்களைப் பாருங்கள். ஓஃபீர் ரோட்டில் தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888-இல் எழுந்த லூர்து மாதா ஆலயம். ஷார்ட் ஸ்ட்ரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் ஆலயம். டார்செட் ரோட்டில் ஆங்கிலிக்கன் ஆலயம். மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்து, அரசாங்க உத்தியோகத்தில் அமர்ந்து, வெள்ளைக்காரப் பாதிரியாரிடம் ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்கள் பல. அந்த வீட்டுப் பெண் பிரிட்டிஷாரை எதிர்த்துத் துப்பாக்கி எடுப்பது என்றால், எதிரே நிற்பவர்கள் பாடம் சொல்லிக்கொடுத்த மனிதர்கள். அப்படியும் சேர்ந்தார்கள். ஈப்போவிலிருந்து வந்த ரசம்மா நவரத்தினம் யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவர். பதினாறு வயதில் அக்கா பொன்னம்மாவோடு சேர்ந்து படையில் நுழைந்தார். போருக்குப் பிறகு ரசம்மா பூபாலன் என்ற பெயரில் மலேசியாவின் புகழ்பெற்ற கல்வியாளராகவும் மகளிர் உரிமைப் போராளியாகவும் விளங்கியவர் இவரே.

1944-இல் ராணிகளில், அதாவது இந்தப் படைப் பெண்களில், ஒரு பகுதியினர் பர்மாவுக்குப் புறப்பட்டார்கள். அவர்கள் போன வழி சயாம் மரண ரயில். 415 கிலோமீட்டர் இருப்புப் பாதை. அதை இடுவதற்குத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாகக் காலராவிலும் பசியிலும் மாண்டிருந்தார்கள். பாதை முடிந்து ஓராண்டுகூட ஆகாத நேரம். தங்கள் ஊர் அப்பாக்களும் அண்ணன்களும் போட்ட தண்டவாளத்தின் மேல்தான் அந்தப் பெண்கள் போருக்குப் போனார்கள். ஜப்பானியர் நம் மக்களுக்குச் செய்ததை மறைத்து இந்தப் படையின் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டும் ஒரே தண்டவாளத்தில் நடந்தவை.

இம்பால் படையெடுப்பு தோற்றது. ராணிகள் போர்முனைக்கு அனுப்பப்படவில்லை. மேமியோவில் காயம்பட்டு வந்த சிப்பாய்களுக்குச் சேவை செய்தார்கள். சண்டையே போடாத படை என்று இதைச் சொல்லி ஒதுக்குகிறவர்கள் இன்றும் உண்டு. படையின் கதையை ஆராய்ந்து, உயிரோடிருந்த ராணிகளைத் தேடிச் சென்று பேசிய வேரா ஹில்டிபிராண்ட் 2016-இல் வெளியிட்ட நூலும், ராணிகள் முன்னணியில் போரிட்டதாகப் பரவிய கதைகளை ஏற்பதில்லை. அது சரியான வரலாறுதான். ஆனால் ஸ்டெல்லாவுக்கும் ஜோசபினுக்கும் சாவு வர முன்னணி தேவைப்படவில்லை.

1945 ஏப்ரலில் ரங்கூன் கைநழுவும் நிலை. பெண்களைப் பத்திரமாக வீடு சேர்க்காமல் நகர்வதில்லை என்று போஸ் உறுதியாக இருந்தார். ஏப்ரல் 24 அன்று ராணிகளோடு புறப்பட்டார். பகலில் விமானம் வேட்டையாடும் என்பதால் இரவில் பயணம். லாரிகள் சேற்றில் மாட்டி நின்றதும் நடை. ஜானகி தேவர் தலைமையில் அந்தப் பெண்கள் முதுகுப் பையும் துப்பாக்கியுமாகச் சித்தாங் ஆற்றைக் கடந்து மௌல்மீனை நோக்கி நடந்தார்கள். தலைக்கு மேல் குண்டு விழுந்த அந்த நடையில் போனவர்கள் பிழைத்து ஊர் சேர்ந்தார்கள். ரயிலில் வந்த ஸ்டெல்லாவும் ஜோசபினும் சேரவில்லை. போர் ஏறக்குறைய முடிந்துவிட்ட நேரத்தில், வீட்டுக்குத் திரும்பும் பயணத்தில் அவர்கள் போய்விட்டார்கள். சண்டைக்குப் போகும் பிள்ளை இறக்கலாம் என்று எந்தத் தாயும் மனத்தின் ஒரு மூலையில் அஞ்சியிருப்பாள். திரும்பி வரும் பிள்ளையைப் பற்றி யார் அப்படி அஞ்சுவார்கள்?

கிராஞ்சிப் போர் நினைவிடத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே சுவர்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். ஆஸ்திரேலிய ராணுவத் தாதியரின் பெயர்களும் அவற்றில் உண்டு. 1942 பிப்ரவரி 12 அன்று வைனர் புரூக் கப்பலில் 65 தாதியர் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பினார்கள். கப்பல் மூழ்கி 12 பேர் இறந்தார்கள். கரையேறியவர்களில் 21 பேரைப் பாங்கா தீவில் ஜப்பானியச் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பெண்களின் பெயர் கல்லில் இருப்பது நியாயம். அங்கே போய் நின்றால் எனக்கும் கண் கலங்கும். ஆனால் பேரரசை எதிர்த்து நின்ற பெண்ணுக்கு அந்தச் சுவரில் இடம் கிடையாது.

பேரரசை எதிர்த்தவர்களுக்கென்றும் ஒரு கல் எழும்பியது. 1945 ஜூலை 8 அன்று எஸ்பிளனேட் கரையில், உயிர்நீத்த இந்திய தேசிய ராணுவ வீரர்களுக்கான நினைவுச் சின்னத்துக்கு போஸ் அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற பொருளில் மூன்று உருதுச் சொற்கள் அதில் இருந்தன. செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 1995-இல், அதே இடத்தில் சிங்கப்பூர் அரசு ஓர் அடையாளப் பலகை வைத்தது. அதில் தனிப்பெயர்கள் கிடையாது.

கேம்பல் லேனில் 2015-இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் இந்தப் படையின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறது. பள்ளிக்கூடங்கள் அழைத்துப் போகின்றன. நல்லது. எனக்கு இரண்டு வேண்டுகோள் உண்டு. வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் முகாம் இருந்த இடத்தருகே இந்த இரண்டு பெயர்களையும் பொறித்து ஒரு சிறிய கல் வைக்க வேண்டும். ராணிகளாக இருந்து உயிரோடு திரும்பியவர்கள் தங்கள் வாயால் காத்துவந்த பெயர்கள் இவை. அவர்களோ ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டு வருகிறார்கள். இன்னொன்று, நம் தமிழ் ஆலயங்களுக்கு. நவம்பர் 2, கல்லறைத் திருநாள். இறந்தோர் பெயர்களை வாசிக்கும்போது ஸ்டெல்லா, ஜோசபின் என்று இரண்டு பெயர்களைச் சேர்த்து வாசியுங்கள். எந்தச் சபையில் வாசித்தாலும் சரி.

எஸ்பிளனேட் சின்னத்தைக் கட்டும் பொறுப்பை ஏற்ற கர்னல் சிரில் ஸ்ட்ரேசியும் ஒரு கிறிஸ்தவர், ஆங்கிலோ இந்தியர். போர் தோற்றுக்கொண்டிருந்த அந்த வாரங்களில் அவர் அதை எப்படிக் கட்டி முடித்தார் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)