கிளியில் ஆண் எது, பெண் எது?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடக்கரத்தில் நாள்தோறும் பச்சிலையால் புதிதாகச் செய்து வைக்கப்படும் கிளி ஆணா பெண்ணா என்று எவரும் விசாரிப்பதில்லை. ஆனால், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பச்சைக்கிளியைக் கூண்டிலடைப்பது குற்றமாகிவிட, ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட கொண்டையணிந்த காக்கட்டீல் பட்சியைப் பிரியத்துடன் வளர்ப்போருக்கு அந்தச் சந்தேகம் தீர்வதே இல்லை. பச்சைக்கிளியிலாவது வயதுவந்த ஆணின் கழுத்தில் ஆரம் தோன்றும். சாம்பல்நிறக் காக்கட்டீலோ, முதல் இறகுதிர்வு முடியும்வரை, பேதமின்றித் தாயின் சாயலிலேயே இருந்து, பின்னரே ஆணின் முகம் பிரகாசமான மஞ்சளாக, பெண்ணின் முகம் மங்கலாகவே நின்று, வாலடியில் வரிகளும் நீடிக்கக் காண்கிறோம். ஓயாது சீழ்க்கையடிப்பது பெரும்பாலும் ஆணே. கலப்புநிறப் பட்சிகளில் இந்த லட்சணங்கள் பயன்படா; இறகைக் கொண்டு செய்யும் மரபணுப் பரிசோதனையே நிச்சயம். ஆணாயினும் பெண்ணாயினும் இருளில் வெருளும் சுபாவமுடையது. சிவகாசி வாசகர்களே, தீபாவளி இரவில் கூண்டருகே சிறு விளக்கொன்றை வையுங்கள்.