முகமனும் முறைமையும்: ஜேர்மனியரும் அமெரிக்கரும்

ஜேர்மனியரும் அமெரிக்கரும் தொழில் வளத்திலும் விஞ்ஞானத்திலும் சிறந்து விளங்குபவர். ஆயினும் அன்றாட வாழ்வில் ஒருவரையொருவர் தவறாக எடைபோடுதல் அவர்களிடையே பெருவழக்கு. அமெரிக்கரின் கண்ணுக்கு ஜேர்மனியர் இறுகிய முகத்தினர். ஜேர்மனியருக்கோ அமெரிக்கரின் புன்னகை வெறும் மேற்பூச்சு. இவ்வேறுபாட்டைப் பிறவிக் குணம் எனல் பொருந்துமா? மொழியும் சட்டமும் வகுத்த பழக்கமே இதன் பெரும்பகுதி என்பது ஆராய்ந்தாற் புலனாகும்.

முதலில், பிறரை விளிக்கும் முறையை நோக்குவோம். நம் மொழியில் 'நீ', 'நீங்கள்' என்றிருத்தல்போல, ஜேர்மன் மொழியில் 'டூ', 'ஸீ' என இரு சொற்கள் உள. அறிமுகமற்ற பெரியோரை 'ஸீ' என்றும், குடும்பப் பெயர் கூறியும் அழைத்தலே மரபு. 'டூ' என அழைக்கும் உரிமையைப் பெரும்பாலும் மூத்தவரே வழங்குவர். இளையோரிடையே இம்மரபு தளர்ந்து வருகின்றது. ஆங்கிலத்திலோ இன்று வழங்குவது 'யூ' ஒன்றே. எனவே, அமெரிக்கர் முதற் சந்திப்பிலேயே இயற்பெயர் சொல்லி அழைப்பர், 'நலமா?' என வினவுவர். அது முகமன் மாத்திரமே. அதனை நட்பின் தொடக்கமென நம்பும் ஜேர்மனியர் பின்னர் ஏமாற்றமடைகின்றனர்.

அடுத்து, ஓய்வுநாள். ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுக்குரிய நாளாகப் பாதுகாக்கும் விதி 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பில் இடம்பெற்றது. 1949ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டமும் அதனை ஏற்றுக்கொண்டது. அன்று ஜேர்மனியின் பெரும்பாலான கடைகள் பூட்டப்பட்டிருக்கும். பேர்லின் நகரம் நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்க இடமளித்தபோது, 2009இல் உச்ச அரசியலமைப்பு நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. அமெரிக்காவில் அத்தகைய நாடளாவிய தடை இல்லை. ஒருசில இடங்களிலேயே ஞாயிற்றுத் தடை எஞ்சியுள்ளது. அமெரிக்கர் இடையூறெனக் கருதும் பூட்டிய கதவு, கடைச் சிப்பந்திக்குத் தன் பிள்ளைகளுடன் இருக்கக் கிடைத்த நாளாகும்.

இறுதியாக, உணவுச்சாலையில் வழங்கும் அன்பளிப்பு. அமெரிக்க மத்திய சட்டப்படி, அன்பளிப்புப் பெறும் பணியாளருக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்கவேண்டிய மிகக் குறைந்த ஊதியம் மணிக்கு 2.13 டொலர், 1991 முதல் இத்தொகை உயரவில்லை. பல மாநிலங்கள் கூடுதலாக விதித்துள்ளன. ஆகவே, அங்கு நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை கொடுத்தல் கடமைபோலாயிற்று. ஜேர்மனியிலோ, 2015இல் வந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டம் உணவு பரிமாறுவோருக்கும் உரியது. விலையை முழுத்தொகையாக்கியோ, நூற்றுக்குப் பத்தளவில் சேர்த்தோ கொடுத்தால் போதும். ஒருவர் புன்னகைப்பதிலும் மற்றவர் புன்னகையாதிருப்பதிலும் ஊதிய ஏற்பாட்டுக்கும் பங்குண்டு.

ஆதலின், அந்நியரின் நடத்தையைப் பழிக்குமுன் அதனை உருவாக்கிய ஏற்பாட்டை வினவுதல் அறிவுடைமை. இறுகிய முகத்தின் பின்னால் மரியாதையும், எளிய சிரிப்பின் பின்னால் உழைப்பும் மறைந்திருத்தல் கூடும்.