நிழற்குடையில் சாக்லேட்டுக்கு இடமில்லை

பால் சாக்லேட்டுக்கு ஏறத்தாழ 25 மதிப்பெண். சர்க்கரை போட்ட கோலாவுக்கு வெறும் 2. இரண்டுமே தேறவில்லை. ஏனென்றால் இந்தத் தேர்வில் மதிப்பெண் கூடினால்தான் தோல்வி. உணவுக்கு 4, பானத்துக்கு 1 வந்துவிட்டாலே போதும், லண்டன் மெட்ரோவிலும் பேருந்திலும் நிழற்குடையிலும் அந்தப் பொருளின் விளம்பரத்துக்கு இடம் கிடையாது. மேயர் சாதிக் கான் முன்னெடுத்த இந்த விதி 2019 பிப்ரவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிறது.

மதிப்பெண் போடும் முறை மேயர் அலுவலகம் கண்டுபிடித்ததல்ல. பிரிட்டனின் உணவுத் தர முகமை 2004-05இல் உருவாக்கியது. குழந்தைகள் பார்க்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் எந்த உணவை விளம்பரம் செய்யலாம் என்று தீர்மானிக்க 2007 முதல் பயன்பட்டு வந்தது. கணக்கு எளிது. 100 கிராம் பொருளில் இருக்கும் எரிசக்தி, நிறைவுற்ற கொழுப்பு, சர்க்கரை, சோடியம் ஆகிய நான்கிற்கும் தனித்தனியே 0 முதல் 10 வரை புள்ளிகள். பால் சாக்லேட்டில் எரிசக்திக்கு 6. நிறைவுற்ற கொழுப்பு சுமார் 18 கிராம். அதற்கு உச்சமான 10. சர்க்கரை 50 கிராமுக்கு மேல், அதற்கும் 10. பழம், காய்கறி, பருப்பு வகை, நார்ச்சத்து, புரதம் இருந்தால் புள்ளிகள் கழியும். சாக்லேட்டில் புரதமும் கொஞ்சம் உண்டே என்று கேட்கலாம். முதலில் சொன்ன அந்த நான்கின் கெட்ட புள்ளிகள் 11ஐத் தொட்டுவிட்டால், பழமோ காய்கறியோ நிறைய இருந்தாலொழிய, புரதத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது. ‘சத்து நிறைந்தது’ என்று அட்டையில் எழுதிச் சமாளிக்கும் வழியை முதலிலேயே அடைத்துவிட்டார்கள்.

தொலைக்காட்சியை விட்டுப் பேருந்துக்கு ஏன் வந்தார்கள்? லண்டனில் 11 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பேருந்துப் பயணம் இலவசம். பள்ளிக்குப் போகவும் வரவும் நகரப் பேருந்தே அவர்களுக்குப் பள்ளி வண்டி. தொலைக்காட்சியில் விளம்பரம் வந்தால் சேனலை மாற்றலாம். நிழற்குடையில் பேருந்துக்குக் காத்து நிற்கும் பிள்ளை எதை மாற்றும்? அந்த நகரத்தில் 10, 11 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 40 பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். வசதி குறைந்த பகுதிகளில் நிலைமை இன்னும் மோசம்.

உணவு நிறுவனங்கள் எப்போதும் சொல்லும் வாதம் ஒன்று உண்டு: “விளம்பரம் யாரையும் கூடுதலாகத் தின்ன வைப்பதில்லை. எப்படியும் வாங்கப்போகிறவரை அந்த பிராண்டிலிருந்து இந்த பிராண்டுக்கு இழுக்கிறது, அவ்வளவுதான்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதை உடைத்தது. 7 முதல் 11 வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு ஒரு கார்ட்டூன் காட்டினார்கள். பாதிப் பேருக்கு இடையில் தின்பண்ட விளம்பரங்கள். மீதிப் பேருக்கு வேறு விளம்பரங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பிஸ்கட். தின்பண்ட விளம்பரம் பார்த்தவர்கள் 45 சதவீதம் அதிகம் தின்றார்கள். விளம்பரத்தில் வந்த பண்டம் எதுவும் அந்தக் கிண்ணத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். பிராண்டுக்கு அங்கே வேலையே இல்லை. தின்னும் ஆசையே தூண்டப்பட்டது. கைக்கு எட்டியது வாய்க்குப் போனது.

இது ஆய்வுக்கூடம். ஒரு மாநகரத்தில் விளம்பரத்தை எடுத்துவிட்டால் வீட்டு மளிகைப் பை மாறுமா? இதைத்தான் லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்டு டிராபிகல் மெடிசின் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2022இல் வெளியிட்டார்கள். வாங்கிவரும் ஒவ்வொரு பொருளின் பார்கோடையும் வீட்டில் ஸ்கேன் செய்து பதிவிடும் ஏறக்குறைய 2,000 குடும்பங்களின் பதிவுகள் அவர்களிடம் இருந்தன. பாதிக் குடும்பங்கள் லண்டனில். மறுபாதி, இந்தத் தடை இல்லாத வட இங்கிலாந்தில்.

வட இங்கிலாந்தை எதற்கு இழுக்க வேண்டும் என்பதில்தான் இந்த ஆய்வின் உயிர் இருக்கிறது. லண்டனை மட்டும் பார்த்திருந்தால் தடை தோற்றுப்போனது என்று முடிவு கட்டியிருப்பார்கள். தடைக்குப் பிறகு அங்கேயும் கொழுப்பு, சர்க்கரைப் பண்டங்களின் கொள்முதல் கூடத்தான் செய்தது. ஆனால் வடக்கில் அதைவிட வேகமாகக் கூடியது. தடை வராமல் இருந்திருந்தால் லண்டன் குடும்பங்கள் எவ்வளவு வாங்கியிருக்கும் என்று இந்த ஒப்பீட்டைக் கொண்டு மதிப்பிட்டார்கள். அந்த மதிப்பீட்டோடு பார்க்கும்போது, ஒரு குடும்பம் வாரத்துக்குச் சுமார் 1,000 கலோரி, அதாவது 6.7 சதவீதம் குறைவாக வாங்கியிருந்தது. நான்கு சிறிய சாக்லேட் பார்களின் அளவு. சாக்லேட், மிட்டாய் வகையில் மட்டும் குறைவு 20 சதவீதத்தை நெருங்கியது.

இதை அளவுக்கு மீறிக் கொண்டாடக் கூடாது. வீட்டுக்கு வாங்கி வந்தவைதான் இந்தக் கணக்கில் உண்டு. கடையில் நின்று தின்றதும், பள்ளி விட்டு வரும்போது வாங்கியதும் இல்லை. இதே எண்களை அடிப்படையாக வைத்து, 94,867 பேர் உடல் பருமனிலிருந்து தப்பினார்கள் என்று ஒரு கணினி மாதிரி சொன்னது. செய்தித்தாள்களில் அதுதான் பெரிய எழுத்தில் வந்தது. அது எண்ணிப் பார்த்த கணக்கல்ல, ஊகங்களின் மேல் கட்டிய மதிப்பீடு. ஆனால் வாரத்துக்கு 1,000 கலோரி என்பது உண்மையான வீடுகளின் உண்மையான கொள்முதல் பதிவுகளிலிருந்து வந்தது. ஒரு ரூபாய் வரி போடாமல், எந்தக் கடையையும் மூடாமல், எவர் கையிலிருந்தும் எதையும் பிடுங்காமல் இவ்வளவு கிடைத்திருக்கிறது என்றால் அதைச் சிறிது என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

விதியில் குறைகள் உண்டு. புதிய காய்கறி, பால், முட்டை விற்கும் ஒரு இணைய மளிகைக் கடையின் விளம்பரம், படத்தில் வெண்ணெயும் பன்றி இறைச்சியும் இருந்ததற்காகத் திருப்பி அனுப்பப்பட்டது. பெரும் துரித உணவு நிறுவனமோ ஆரோக்கியமான ஒரு பண்டத்தைப் படத்தில் போட்டுத் தன் பெயரை அதே சுவரில் காட்டிக்கொள்ளலாம். சர்க்கரை இல்லாத கோலாவும் தாராளமாக வரலாம். இவை நியாயமான புகார்கள். என்றாலும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தனித்தனியே பேரம் பேசும் முறையைவிட, எல்லோருக்கும் ஒரே கணக்கு என்பதே மேல் என்று நினைக்கிறேன். பேரம் என்று வந்துவிட்டால் பெரிய நிறுவனம்தான் ஜெயிக்கும். விளம்பர வருமானம் படுத்துவிடும் என்ற பயமும் பலிக்கவில்லை. தடைக்குப் பிந்தைய முதல் நிதியாண்டில் வருமானம் சற்றுக் கூடியே இருந்தது.

இத்தனைக்கும் நாடாளுமன்றம் ஒரு சட்டம்கூட இயற்றவில்லை. விளம்பரம் ஒட்டும் சுவர் லண்டன் போக்குவரத்து அமைப்புக்குச் சொந்தம். அதில் எதை ஒட்டலாம் என்ற நிபந்தனையை அதுவே மாற்றிக்கொண்டது. 2026 ஜனவரியில் பிரிட்டன் முழுவதற்கும் வந்த தேசியச் சட்டமோ தொலைக்காட்சியையும் இணையத்தையும் கட்டுப்படுத்துகிறது; தெருவோர விளம்பரங்களைத் தொடவில்லை. ஆகவே அங்கும் மற்ற நகரங்கள் இதைத் தாங்களேதான் செய்துகொள்ள வேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் மாணவர்களுக்கு விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்கிறது. நல்ல விதி. ஆனால் பிள்ளை பள்ளிக்கு வரும் வழி 50 மீட்டரில் முடிவதில்லை. நம் ஊர் நகரப் பேருந்துகள் பெரும்பாலும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் சொத்து; அவற்றின் மேல் விளம்பரம் செய்யும் ஒப்பந்தத்தை எழுதுவதும் அந்தக் கழகங்கள்தான். அடுத்த ஒப்பந்தத்தை எழுதும்போது லண்டனின் இந்த ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும்.