எண்ணைக் கேட்கும் முன் அளவுகோலைக் கேளுங்கள்

2016ஆம் ஆண்டில் மலேசியக் குடும்பங்களில் எத்தனை விழுக்காடு வறுமையில் இருந்தன? இதற்கு அதிகாரப்பூர்வமான பதில்கள் இரண்டு உண்டு. ஒன்று 0.4 விழுக்காடு, மற்றது 7.6 விழுக்காடு. இரண்டையும் வெளியிட்டது புள்ளிவிவரத் துறைதான். இரண்டிலும் கூட்டல் பிழை எதுவும் இல்லை. மாறியது அளவுகோல் மட்டுமே.

அப்போது வறுமைக் கோடு மாதம் 980 ரிங்கிட். ஒரு குடும்பம் முழுவதற்கும் சேர்த்துத்தான் இந்தத் தொகை! இந்தக் கோடு மிகவும் தாழ்ந்திருப்பதாக உள்நாட்டு ஆய்வாளர்கள் எழுதி வந்தனர். 2019 ஆகஸ்டு மாதம் இங்கு வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டனும் அதையே சொன்னார். அரசாங்கம் முதலில் அதை மறுத்தது. ஆனால், 2020 ஜூலையில் புதிய வறுமைக் கோடு 2,208 ரிங்கிட் என அறிவிக்கப்பட்டது. உயிர் வாழ்வதற்கான உணவு மட்டும் போதாது, சத்தான உணவும் தரமான அடிப்படைத் தேவைகளும் வேண்டும் என்பது புதிய கணக்கின் அடிப்படை.

இந்தக் கணக்கின்படி 2019இல் வறுமை விகிதம் 5.6 விழுக்காடு, அதாவது 4 லட்சத்து 5,441 குடும்பங்கள். சபாவில் மட்டும் அது 19.5 விழுக்காடு. இந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை பழைய கணக்கில் ஏழைகளாகவே தெரியவில்லை. கணக்கில் தெரியாதவர்களுக்கு உதவித் திட்டம் எப்படிப் போய்ச் சேரும்?

ஐ.நா. உறுப்பு நாடுகள் 2015இல் ஏற்றுக்கொண்ட 17 நீடித்த மேம்பாட்டு இலக்குகளில் முதலாவது வறுமை ஒழிப்பு. அதற்கான காலக்கெடு 2030. 0.4 விழுக்காட்டை மட்டும் பார்த்தால் அந்த வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது என்றே தோன்றும்.

எஸ்டிபிஎம், டிப்ளோமா, பட்டப்படிப்பு மாணவர்கள் இடுபணி எழுதும்போது இதிலிருந்து சில பழக்கங்களைக் கற்றுக்கொள்ளலாம்.

முதலில், கேள்வியைச் சுருக்குங்கள். 'இந்தியர்களின் வறுமை' என்பது தலைப்புதான், கேள்வி அல்ல. 'ஒரு மாவட்டத்தின் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் வசிக்கும் குடும்பங்கள் உணவுக்கு எவ்வளவு செலவிடுகின்றன?' என்பது விடை தேடக்கூடிய கேள்வி.

இரண்டாவது, எந்த எண்ணை எடுத்தாலும் அதன் ஆண்டு, வரையறை, வெளியிட்டவர் ஆகிய மூன்றையும் உடனே குறித்துக்கொள்ளுங்கள். புள்ளிவிவரத் துறையின் ஓபன்டோசம் தளத்தில் தரவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வெவ்வேறு அளவுகோலில் எடுத்த இரண்டு எண்களை ஒப்பிடாதீர்கள். 2016இன் 0.4ஐயும் 2019இன் 5.6ஐயும் அருகருகே வைத்தால் வறுமை பல மடங்கு பெருகியதாகத் தோன்றும். ஒரே அளவுகோலில் பார்த்தால் அது 7.6இலிருந்து 5.6ஆகக் குறைந்திருக்கிறது.

மூன்றாவது, சராசரிக்குள் மறைந்திருப்பதைத் தேடுங்கள். நாட்டின் 5.6க்குள் சபாவின் 19.5 மறைந்திருந்தது. 2,208 ரிங்கிட்டும் சராசரிதான். குடும்பத்தின் அளவு, வசிக்கும் இடம் ஆகியவற்றைப் பொறுத்துக் கோடு மாறும்.

நான்காவது, எழுதும்போது தரவு சொல்வதையும் உங்கள் கருத்தையும் பிரித்து எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுவில் 30 பேரிடம் கேட்டிருந்தால் '30 பேரிடம் கேட்டேன்' என்றே எழுதுங்கள். 'சமுதாயம் கருதுகிறது' என்று எழுதாதீர்கள்.

நம் சங்கக் கூட்டங்களில் 'நாம் பின்தங்கிவிட்டோம்' என்ற குரல் அடிக்கடி கேட்கிறது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், எந்த ஊரில், எத்தனை குடும்பங்கள், எந்த அளவுகோலின்படி என்று மனுவில் எழுதித் தரும்போதுதான் அதிகாரி அதைச் சரிபார்க்க முடியும். அப்படி எழுதத் தெரிந்த பிள்ளைகள் ஒவ்வோர் ஊரிலும் இரண்டு பேராவது இருக்க வேண்டும்.