புலி வருமா... வராதா?

'புலி வருது... புலி வருது'ன்னு ஊரையே ஏமாத்தின பையன் கதை எல்லாருக்கும் தெரியும். முதுமலையில கதை அப்படியே உல்ட்டா! வேன் நிறைய ஆளுங்க 'வா வா'ன்னு தவம் கிடப்பாங்க. புலிதான் வராது!

செமஸ்டர் லீவுக்கு எங்கே போறதுன்னு பட்டிமன்றம் நடத்துற கேங்கா நீங்க? ஊட்டியில இருந்து கூடலூர் வழியா 67 கி.மீ. போனா தெப்பக்காடு. வனத்துறையோட சஃபாரி வண்டி இங்கேயிருந்துதான் கிளம்புது. 1940-ல் சின்ன சரணாலயமாக ஆரம்பித்த முதுமலை, 2007-ல் புலிகள் காப்பகமாக ஆனது. மாயாற்றுக்கு அந்தப் பக்கம் கர்நாடகாவின் பந்திப்பூர். நமக்குத்தான் செக்போஸ்ட், புலிக்கு ஏது?

வரிதான் ஐ.டி. கார்டு!

2006 கணக்கெடுப்பில் இந்தியாவில் இருந்த புலிகள் சுமார் 1,411. 2022-ல் 3,682. தமிழ்நாட்டில் மட்டும் 76-ல் இருந்து 306 ஆக எகிறியிருக்கு. முதுமலைக்குள்ள 114!

காட்டுக்குள்ள போய் யாரு தலையை எண்ணினாங்கன்னு கேட்கறீங்களா? எல்லாம் கேமரா வேலை. நம்ம கைரேகை மாதிரி, ஒரு புலியோட வரி இன்னொரு புலிக்கு இருக்காது. அதே புலிக்கே இடது பக்க வரி வேற, வலது பக்க வரி வேற. அதனால பாதையோட ரெண்டு பக்கமும் எதிரெதிரா கேமரா கட்டிடுவாங்க. நடுவுல நடந்து போற புலி, தனக்கே தெரியாம அட்டென்டன்ஸ் கொடுத்துட்டுப் போயிடும்.

114 புலியில ஒண்ணு கூடவா கண்ணுல படாது? நியாயமான கேள்விதான். ஆனா, காப்பகத்தோட மையப் பகுதி மட்டுமே 321 சதுர கி.மீ. வேன் போறது அதுல சில பாதைகள்ல மட்டும். புலி சுறுசுறுப்பா நடமாடுறது பெரும்பாலும் இரவிலும், விடியும்போதும், பொழுது சாயும்போதும்தான். அதனால காலை முதல் டிரிப், இல்லேன்னா சாயங்கால டிரிப்... இதுதான் பெஸ்ட்.

காதைத் தீட்டுங்க பாஸ்!

புலியைத் தேட முதல்ல கண்ணைவிட காதுதான் வேணும். மரத்து மேல மந்தி திடீர்னு கத்தும். கீழே மேயுற புள்ளிமான் கூட்டம் தலையைத் தூக்கி, காலால தரையைத் தட்டி கூவும். ரெண்டும் நல்ல கூட்டாளிங்க. மேலே இருந்து மந்தி உளவு பார்க்க, கீழே மோப்பம் பிடிக்கிற டியூட்டி மானுக்கு. இந்த நேரத்துல நீங்க செல்போன்ல குத்துப்பாட்டு போட்டா, காடு சொல்ற நியூஸ் மொத்தமும் மிஸ்ஸிங்!

புலி வரலையா? முகத்தைத் தொங்கப்போடாதீங்க. ஒயிட் சாக்ஸ் போட்ட மாதிரி கால் இருக்கிற காட்டுமாடு, விசிலடிச்சு கூப்பிடற செந்நாய், மலை அணில், யானைக் கூட்டம்னு லிஸ்ட் பெருசு. 2023-ல் ஆஸ்கர் வாங்கிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படத்தோட யானைக்குட்டி ரகு வளர்ந்ததும் இதே தெப்பக்காடு முகாம்லதான்.

புல்லைக் கவனிச்சீங்களா?

'புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது'ன்னு பழமொழி உண்டு. ஆனா, புல் இல்லேன்னா மான் இல்லை. மான் இல்லேன்னா புலியும் இல்லை. ஒரு புலிக்கு வருஷத்துக்குச் சுமார் 50 பெரிய இரை வேணும்.

இங்கேதான் சிக்கல். வேன்ல போகும்போது, ரெண்டு பக்கமும் கலர் கலரா குட்டிக் குட்டிப் பூ பூத்த புதர் தெரியும். 'வாவ்'னு க்ளிக் பண்ணத் தோணும். அதுதான் உண்ணிச்செடி. வெள்ளைக்காரன் காலத்துல தோட்டத்து அழகுக்காக வந்த அமெரிக்கச் செடி, இப்போ காட்டையே வளைச்சுப் போட்டிருக்கு. அது அடர்ந்த இடத்துல புல் தலைதூக்க முடியாது. இதோட, மஞ்சப் பூ பூக்கிற சென்னா மரமும் சேர்ந்துகிட்டது. வனத்துறை வெட்டி எடுத்துக்கிட்டே இருக்கு. அது முளைச்சுக்கிட்டே இருக்கு. புலியைக் காப்பாத்துற வேலையில பாதி, இப்படிப் புதர் பிடுங்குறதுதான்!

மிச்ச ஆபத்து, நம்ம உருவத்துல வருது. 2021 ஜனவரியில் மசினகுடியில், தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானை மேல தீப்பற்றிய பொருளை வீசினாங்க. காயத்தோட திரிஞ்ச யானை செத்தே போச்சு. 2025 ஆகஸ்ட்டில் பந்திப்பூர் ரோட்டுல யானையோட செல்ஃபி எடுக்கப் போனவர், மிதிபட்டு உயிர் பிழைச்சதே பெரிய விஷயம். வனத்துறை அபராதமும் போட்டது. அந்த ரோட்டுல ராத்திரி 9 மணி முதல் காலை 6 வரை வண்டிகளுக்குத் தடை இருக்கறதும் சும்மா இல்லை. வண்டியில அடிபட்டுச் செத்த உயிர்கள் அத்தனை!

அதனால, "சார், நைட் சஃபாரி போலாமா? புலி கியாரன்டி!"ன்னு யாராவது காதைக் கடிச்சா, 'நோ'ன்னு சொல்லிட்டு நடையைக் கட்டுங்க. புலியே கொடுக்காத கியாரன்டியை ஜீப்காரர் எப்படிக் கொடுப்பார்? காட்டு நிறத்துல டிரஸ், ஒரு பைனாக்குலர், நிறைய பொறுமை... இவ்வளவுதான் லக்கேஜ். கோடையில தீ பயத்தால சுற்றுலாவை நிறுத்தறதும் உண்டு. கிளம்பும் முன்னாடி விசாரிச்சுக்குங்க.

ஈர மண்ணுல புதுசா ஒரு காலடித் தடம் மட்டும் பார்த்தாலும் போதும்... புலி நல்லா இருக்குன்னு அர்த்தம். ஹேப்பி ஜர்னி!